ஒரு பூட்டு மிச்சம்

மேற்கு வங்கத்தில் சாந்த்ராகாச்சி பக்கம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ரோகிணி ஆட்டோமேஷன் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. எல்லாரும் அவளை 'ட்ரெய்னி' என்றே கூப்பிட்டார்கள், தமிழ்க்காரரான ஃபோர்மேன் பன்னீர்செல்வம் உட்பட. மதியச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

இயந்திரத்துக்குள் இறங்குகிறவர்கள் மெயின் சுவிட்சில் ஆளுக்கொரு பூட்டு மாட்ட வேண்டும். பூட்டில் பெயர்ச்சீட்டு இருக்கும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். கடைசிப் பூட்டும் கழன்றால்தான் இயந்திரம் ஓடும்.

அன்று காலை கன்வேயரில் சென்சார் மாற்ற ரோகிணி, பன்னீர்செல்வம், இரண்டு வங்காளித் தொழிலாளர்கள் என நான்கு பேர் உள்ளே போனார்கள். பதினொரு மணிக்கு நான்கு பேரும் வெளியே வந்தார்கள். ரோகிணி தன் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது சுவிட்சில் ஒரு பூட்டு தொங்கியது. பன்னீர்செல்வம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அவள் கையெழுத்தில் அவள் பெயர்.

"அந்தப் பொண்ணு இன்னும் உள்ளதான் இருக்கு. யாரும் சுவிட்சைத் தொடாதீங்க."

"அண்ணே, நான் இங்க இருக்கேன்."

யாரும் திரும்பவில்லை. அவள் பையைத் தொட்டுப் பார்த்தாள். பூட்டு இருந்தது.

பன்னீர்செல்வம் கன்வேயருக்கடியில் குனிந்தார். "ரோகிணி! வெளியில வாம்மா."

மற்ற இருவரும் பதற்றத்தோடு, "ரோஹிணி தீதீ! ரோஹிணி தீதீ!" என்று வங்காளத்தில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் தன் பெயர் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதோ வந்துட்டேண்ணே" என்று உள்ளிருந்து அவள் குரலிலேயே பதில் வந்தது.

பன்னீர்செல்வம் சிரித்தபடி கையை நீட்டினார். ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது.