மேலும் நான்கு பிரதிகள்

“இன்னும் நாலு பிரதி கிடைக்குமா சார்? உறையைப் பிரிக்காம அப்படியே குடுங்க, போதும்.”

மேல்வீட்டு நர்ஸ் வாசலில் நின்று இப்படிக் கேட்டதும், முன்னாள் கிளை மேலாளருக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை. ‘சிகரம் தொட்ட நான்’ என்று எழுநூறு பக்கத்துக்குத் தானே எழுதி, தானே அச்சிட்டு, தானே சிலிர்த்துக்கொண்ட சுயசரிதை அது. வந்தவர் போனவர் தலையிலெல்லாம் இலவசமாகக் கட்டியது போக, விலை கொடுத்து வாங்கியவள் இவள் ஒருத்திதான். ஏற்கெனவே ஆறு வாங்கியிருந்தாள். இந்த நாலோடு கட்டிலடி காலி.

இரண்டாம் பாகமும் தயார். குறுக்கே நின்றது மனைவி. “முதல் பாகத்தைப் படிச்ச ஒரு ஜீவனைக் கண்ணுல காட்டுங்க. அப்புறம் அச்சுக்குக் குடுக்கலாம்.”

“வா, காட்டறேன்” என்று இப்போது அவளையும் கூட்டிக்கொண்டு நர்ஸின் பின்னால் படியேறினார். மனைவி பிரதிகளைச் சுமந்தாள். அவர் பேனாவைச் சுமந்தார்.

ஒற்றை அறை வீடு. ஜன்னலோரத் தட்டுகளில் முள்ளங்கியும் கடுகும் விரல் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று நின்றன.

“என்னம்மா இது, புல்லு?”

“மைக்ரோகிரீன்ஸ் சார். ரெண்டு இலை விட்டதும் நறுக்கிச் சாப்பிடலாம். இத்துனூண்டு இடம் போதும்.”

“ரெண்டு இலைக்கே அறுவடையா? இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே கிடையாது. என் பதினாலாம் அத்தியாயத்துல...”

மனைவி கொட்டாவியை மறைக்கவில்லை.

“அது கிடக்கட்டும். புத்தகம் எப்படி? இவ எதிர்லயே சொல்லு.”

“அது வந்தப்புறம்தான் சார் எனக்குப் பலனே தெரிஞ்சுது. முன்னாடி என்னென்னமோ வெச்சுப் பாத்தேன், சரிப்படலை. இப்ப கூட வேலை பாக்கறவங்களும் கேக்கறாங்க.”

மேலாளர் மனைவியைப் பார்த்த பார்வையில், கல்யாணமான நாளிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த வழக்கு ஒன்று ஜெயித்திருந்தது. பேனா மூடியைக் கழற்றினார். “எடும்மா பழைய ஆறையும். கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

நர்ஸ் அலமாரியைப் பார்த்துத் தயங்கினாள். “இப்ப எடுக்கக் கூடாதே சார். இன்னும் ரெண்டு நாள் போகணும்.”

“பாதியில நிறுத்த மனசு வரலையாக்கும்” என்று சிரித்தவர், தானே போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே, இருட்டில் விதைத் தட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் இரண்டிரண்டாக, உறைகூடப் பிரியாமல், குப்புறப் படுத்திருந்தது சிகரம்.

“முளை விடற வரைக்கும் மேல பாரம் வைக்கணும் சார். அப்பத்தான் வேர் மண்ணைப் பிடிக்கும்” என்றாள் நர்ஸ், துளியும் கூச்சமில்லாமல். “செங்கல் ஒரு பக்கமா அழுத்துது. இது தட்டுக்கு அளவெடுத்த மாதிரி உக்காருது.”

மேலாளர் பேனாவை மூடினார். மனைவி குனிந்து, தட்டையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பல மாதங்களுக்குப் பின் புருஷனிடம் கனிவாகப் பேசினாள்.

“ஏங்க, ரெண்டாம் பாகத்தை அச்சுக்குக் குடுத்துடுங்க. நம்ம வீட்லயும் தட்டு வைக்கலாம்.”