ஆற்றங்கரைக்கு ஒரு மெத்தை

"அம்மா, எழும்புங்கோ! கடைக்குள்ள எல்லாரும் பாக்கினம்."

இரஞ்சிதம் எழும்பவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடாரச் சாமான் விற்கும் அந்தக் கடையின் நட்டநடுவே, ஒரு மெத்தையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"பாக்கட்டும். படுத்துப் பாக்காமல் எப்பிடி வாங்கிறது?"

மகன் ஆரூரனுக்கு மானம் போனது. அம்மாவுக்கு வயது அறுபத்திரண்டு. டண்டினொங்கில் ஒரு வெயார்ஹவுஸில் பத்தொன்பது வருடம் பெட்டி கட்டிவிட்டு, போன வருடம்தான் ஓய்வு. கோயில், பூசை என்று இருக்க வேண்டிய மனுசி, சனிக்கிழமைகளில் போய்க் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் பழகியிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை ஐந்து பெண்களோடு முறே ஆற்றில் துடுப்புப் போட்டு, இரண்டு நாள் கரையில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறாளாம். போகட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. போறன் என்றுதான் சொன்னாள்.

"சனம் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சனீங்களே?"

"சனத்துக்குக் கயாக்கில இடமில்லை. ஒராள்தான் இருக்கலாம்."

பிடித்த முயலுக்கு மூன்று கால். அது அம்மாவின் பிறவிக் குணம்.

ஆரூரனுக்குத் தாய் என்றால் உயிர். அதில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. முதுகு நோவுக்கு மாதம் இரண்டு தடவை அவளைப் பிசியோவிடம் காரில் ஏற்றிக்கொண்டு போவது அவன்தான். அதனால் நேரே மறிக்க மனம் வரவில்லை. மெத்தையை வைத்தே மறித்துவிடலாம் என்று திட்டம் போட்டுத்தான் கூட வந்திருந்தான்.

கடையில் வேலை செய்யும் பெண் கிட்ட வந்தாள். சட்டையில் ஷாமளா என்று பெயர் குத்தியிருந்தது. தமிழ் காதில் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. மலேசியாவிலிருந்து படிக்க வந்தவளாம்.

"கயாக்குக்கா ஆன்டி? அப்போ சுருட்டினா சின்னதா ஆகணும். சாமான் வைக்கிற வாய் இவ்ளோதான் இருக்கும்," என்று இரண்டு கையாலும் சோற்றுப் பானையின் வாய் அளவுக்கு வட்டம் காட்டினாள்.

ஆரூரன் விடுவானா? விறுவிறு என்று போய், இருப்பதிலேயே தடித்த ஸ்பொஞ்ச் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். சுருட்டினாலும் அது உரல் பருமன் இருந்தது.

"அம்மாவின்ர முதுகுக்கு இதுதான் சரி. இது கயாக்குக்குள்ள போகாதெண்டா அம்மாவும் போகேலாது."

"உனக்குப் பிடிச்சா நீ வாங்கிப் படு," என்றாள் இரஞ்சிதம். "பிள்ளை, அந்தக் காத்தடிக்கிறதைக் கொண்டா."

ஷாமளா காற்றடித்து விரித்தாள். நாலு அங்குல உயரம். இரஞ்சிதம் எழும்பி அதில் ஏறிப் படுத்தாள். இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரசரக்குது," என்றான் ஆரூரன்.

"ஆறு இரையேக்க ஆருக்குக் கேக்கப்போகுது?"

"முள்ளுக் குத்தினா?"

"ஒட்டுறதுக்குத் துண்டு கூடவே வருது அண்ணே," என்றாள் ஷாமளா.

"ஆத்தங்கரைக் குளிருக்கு?"

"நிலத்துக் குளிர் ஏறாம இருக்க உள்ள தனியா ஒரு தாள் வச்சிருக்காங்க."

இவளும் அந்தக் கட்சி. ஆரூரனுக்குப் பொறுமை போய்விட்டது. குரல் தானாக உயர்ந்தது.

"அம்மா, நிலத்தில படுக்கிற வயசே உங்களுக்கு? பிசியோ என்ன சொன்னவர்? நல்ல மெத்தையில படுக்கச் சொன்னவரோ இல்லையோ? நாளைக்கு நீங்கள் எழும்பேலாமல் கிடந்தா ஆரைக் கேப்பினம்? பெத்த தாயை நிலத்தில படுக்க விட்டவன் எண்டு என்னைத்தான் காறித் துப்புவினம்!"

பாஷை புரியாவிட்டாலும், பக்கத்தில் கூடாரம் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி அவனை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஷாமளாவுக்கும் மனம் இளகியது. இந்தக் காலத்தில் தாய்க்காக இப்படித் துடிக்கிற மகன் கிடைப்பானா?

"அண்ணன் சொல்றதும் நியாயம்தான் ஆன்டி. நாங்க எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். இப்ப வீட்டுல எதுல படுக்கிறீங்க? பழகினதைவிட மெல்லிசா எடுத்தா முதுகு தாங்காது."

"ஹோலில, கார்ப்பெட்டில," என்றாள் இரஞ்சிதம், படுத்தபடியே. "ஒரு பெட்சீட்டை நாலா மடிச்சுப் போட்டு. இப்ப நாலு வருசம்."

ஷாமளா ஆரூரனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது.

"அம்மா! வினுஷாவுக்கு வீட்டிலயிருந்து வேலை செய்ய ஒரு அறை வேண்டியிருந்தது... அதுதானே உங்கட அறையை..." மனைவியின் மேல் போட்டுப் பார்த்தும் எடுபடவில்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள், நிலத்தில படுத்தாத்தான் நித்திரை வருமெண்டு!"

இரஞ்சிதம் எழும்பி மெத்தையின் மூடியைத் திறந்தாள். புஸ்ஸென்று காற்றுப் போனது. முழங்காலை ஊன்றி அமர்த்திச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"இதுதான் பிள்ளை. வெள்ளிக்கிழமை போறன்," என்றாள் ஷாமளாவிடம். பிறகு மகனைப் பார்த்தாள்.

"ஓம், சொன்னனான்தான். கட்டிலை வித்துப்போட்டு வந்து நிண்ட பிள்ளையிட்டத் தாய் வேற என்னத்தைச் சொல்லுறது?"