கன்றின் தோல்

தாய்மானை நாய்கள் கடித்துப்போட்டிருந்தன. குட்டி மட்டும் சோளக்காட்டில் கிடந்தது. கொளந்தையப்பன் அதைத் தூக்கிவந்து, தன் பசுவின் செத்த கன்றுத் தோலை அதன்மேல் போர்த்திக் கட்டினார். பசு தோலை முகர்ந்து நக்கியது, பால் சுரந்தது. குட்டி முட்டி முட்டிக் குடித்தது. குட்டியைக் கொண்டுபோக வனத்துறை ஜீப் வந்த அன்று தோலை அவிழ்த்தார். பசு தோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியின் புள்ளி முதுகைத்தான் நக்கியது.

“அப்ப இத்தன நாளா நாம யாரைங்க ஏமாத்துனோம்?” என்றாள் மனைவி பொன்னாத்தா.

அவர் தோலைக் கையில் சுருட்டிக்கொண்டு குட்டியைத் தூக்கினார். ஜீப்பில் ஏற்றியதும் குட்டி கத்தியது. பசுவைத் தேடுகிறது என்று நினைத்தார். அது அவர் கையிலிருந்த தோலையே பார்த்துக் கத்தியது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். என்ன செய்வதென்று தெரியாமல் தோலைத் தன் முதுகில் போர்த்திக்கொண்டார் கொளந்தையப்பன். குட்டியின் கத்தல் நின்றது.