நகராத பாதரசம்

ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் சாராய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் ஒரு கண்ணாடிக் குவளை நிறையப் பனிக்கட்டி. அதன் நடுவே நின்ற வெப்பமானிக்கு எண்ணைக் காட்டுவதுதான் வேலை. எண் ஏறாவிட்டால் அதற்கு இருப்புக் கொள்ளாது.

பத்து நிமிடம் ஆகியும் பாதரசம் பூஜ்யத்தைவிட்டு நகரவில்லை.

"ஏம்ப்பா விளக்கு, ஒழுங்கா எரியிறியா?"

"திரி கருகக் கருக எரியிறேன். அத்தனையையும் பனிக்கட்டிதான் வாங்கிக்குது."

வெப்பமானிக்குச் சுருக்கென்றது. "இவ்வளவு சூட்டையும் எங்கே பதுக்கி வச்சிருக்கே?" என்று பனிக்கட்டியை அதட்டியது.

"பதுக்கலை அண்ணே. எங்க துகளெல்லாம் ஒண்ணையொண்ணு இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்குது. அந்தப் பிடியைத் தளர்த்தத்தான் சூடு செலவாகுது. உள்ளுறை வெப்பம்னு இதுக்குப் பேரு. நாங்க உருகி முடிக்கிற வரைக்கும் உங்க கண்ணுல படாது."

"என் கண்ணுல படாதது வெப்பமே இல்லை. சீக்கிரம் வேலையைப் பாரு."

பனிக்கட்டி உருகிக்கொண்டே இருந்தது. முனைகள் மழுங்கின, துண்டுகள் மெலிந்தன. கடைசிச் சில்லு வெப்பமானியை லேசாக உரசிவிட்டு உருகிப்போயிற்று. குவளைக்குள் தண்ணீர் நிம்மதியாக அசைந்தது.

சற்று நேரத்தில் பாதரசம் ஒரு கோடு ஏறியது. வெப்பமானிக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"பாத்தியா," என்றது விளக்கிடம். "நான் அதட்டின பிறகுதான் வேலையே ஆரம்பிச்சிருக்கு."