கரையைச் சுத்தம் செய்தார்கள்

கடலோரத்தில் இருக்கும் என் கொட்டகையை இடித்துவிட்டு இடத்தைப் பிடுங்க மகன் காத்திருந்தான். அதனால் நான் அதைவிட்டு நகர்வதே இல்லை.

பேத்தியின் கல்லூரிக் கூட்டம் பாய்மரப் படகில் வந்து இறங்கியது. சமூக சேவையாம். பாதிப்பேர் கரையைச் சுத்தம் செய்வார்கள், மீதிப்பேர் கிழடுகளைப் படகில் சுற்றிக்காட்டுவார்கள்.

"வா தாத்தா, ஒரு ரவுண்டு போலாம்."

"உங்கப்பன் அனுப்பினானா?"

"சத்தியமா இல்ல."

மகனை நம்பாத நான் பேத்தியை நம்பி ஏறினேன்.

திரும்பியபோது கரை பளிச்சென்று இருந்தது. கொட்டகையையும் குப்பையென்று பிரித்து அள்ளியிருந்தார்கள்.

ஓடிவந்த மகனின் சட்டையைப் பிடித்தேன். "அடப்பாவி!"

"ஐயோ, எனக்கே இப்பதாம்பா தெரியும்!"

பேத்தி சிரித்தாள். "அவரை விடு தாத்தா. இங்க நான்தான் படகு வாடகைக்கு விடப்போறேன். உனக்கு மட்டும் எப்பவும் ஓசி."