பக்கத்து சீட்

"சார், என் மனைவியை இன்னிக்கும் பெயில் போட்டுடுங்க."

வாகன ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். டிரைவிங் லைசென்ஸ் கொடுக்கிற இந்தப் பதினெட்டு வருஷத்தில், பாஸ் போடச் சொல்லி எத்தனையோ பேர் வந்து வழிந்திருக்கிறார்கள். பெயில் போடச் சொல்லி வந்த முதல் ஆள் இவர்தான்.

மடிப்புக் கலையாத சட்டை. அறுபதைத் தாண்டிய வயது. பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"இன்னொரு தடவை இப்படிக் கேட்டீங்கன்னா நடக்கிறதே வேற. போய் வெளியே உட்காருங்க!"

பொண்டாட்டி கைக்கு ஸ்டியரிங் போனால் கௌரவம் போய்விடும் என்று நினைக்கிற ஜென்மம்! ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆபீஸில் அவருக்குக் 'கறார்' என்று பட்டப்பெயர். அந்தக் கறாரே, 'இந்தம்மா சுமாராக ஓட்டினாலும் பாஸ் போட்டுவிடுவது' என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

ஃபைலைப் புரட்டினார். இது ஐந்தாவது தேர்வு. முதல் தடவை கண்ணாடி பார்க்கவில்லை. அடுத்த தடவை சிக்னல் போடவில்லை. அப்புறம் ஹேண்ட் பிரேக். அதற்கும் அப்புறம் நிறுத்தக் கோட்டைத் தாண்டியது. ஒரு தடவை செய்த தப்பை மறு தடவை செய்யவே இல்லை. கெட்டிக்கார அம்மாதான், சொல்லிக்கொடுக்கத்தான் சரியான ஆள் இல்லை போலிருக்கிறது.

"பயப்படாம ஓட்டுங்கம்மா."

"உங்களை மாதிரி ஒருத்தர் இருக்கும்போது என்ன பயம் சார்?" என்று சிரித்துக்கொண்டே கிளப்பினார் அந்த அம்மாள்.

வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. கண்ணாடி, சிக்னல், பிரேக், எல்லாம் கச்சிதம். கடைசியாக, வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

"இடது பக்கம்... லேசா இடது பக்கம்மா..." வாழ்நாளில் முதல் முறையாகக் கறார் விடை எடுத்துக்கொடுத்தார்.

அந்த அம்மாள் வலது பக்கம் முழுசாகத் திருப்பினார். மூன்று கூம்புகள் மல்லாந்தன.

"அடடா, விழுந்துடுச்சா சார்?"

இதற்கு மேல் என்ன செய்வது? உள்ளே வந்து, மனசே இல்லாமல் 'பெயில்' என்று எழுதினார். எதிரே புருஷன்காரருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

"ரொம்ப நன்றி சார்!"

"உங்களுக்காக ஒண்ணும் போடலை. கட்டின மனைவி தோத்தா சந்தோஷப்படுறீங்களே, வெட்கமா இல்லை?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், இருபத்தஞ்சு வயசுல எனக்குன்னு ஒரு மேஜை வேணும்னு ஆசைப்பட்டேன். முப்பத்தஞ்சுல தனி ரூம். ஐம்பதுல ஜெனரல் மேனேஜர் நாற்காலி. எல்லாத்துலயும் உட்கார்ந்தாச்சு, வீட்டுல மட்டும் உட்காரலை. அவ ஏதாவது பேச வந்தா, 'அப்புறம் சொல்லு'ன்னு ஓடிடுவேன். ரிட்டயர் ஆன மறுநாள், 'கார் ஓட்டக் கத்துக் கொடுக்கறீங்களா'ன்னு கேட்டா. தினம் காலையில ஒரு மணி நேரம். பாதி பாடம், பாதி அரட்டை. அவ இவ்வளவு சிரிப்பான்னே எனக்கு இப்பத்தான் சார் தெரியும்!"

"சரி, அதுக்கு?"

"லைசென்ஸ் கைக்கு வந்துட்டா, தங்கச்சி வீடு, லைப்ரரின்னு தனியாப் பறந்துடுவா. இப்ப எனக்கு இருக்கிற ஒரே ஆசை அந்தப் பக்கத்து சீட்தான். அதுவும் போயிடுமேன்னுதான்..."

கறாருக்குச் சிரிப்பு வந்தது.

"அதை அவங்ககிட்டயே சொல்லலாமே?"

"இத்தனை வருஷம் கழிச்சு எந்த முகத்தை வெச்சுக்கிட்டு சார் சொல்றது?"

அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்க, துள்ளாத குறையாகக் கவுண்டருக்குப் போனார் மனிதர்.

வாசலில் ஒரே ஹாரன் சத்தம். உள்ளே வர முடியாமல் ஒரு லாரி நின்றது. அதன் வழியை மறித்துக்கொண்டு அந்தக் கார். ஸ்டியரிங் முன்னால் அந்த அம்மாள் மட்டும்.

"இருங்கம்மா, தொடாதீங்க! நான் எடுத்துத் தர்றேன்!" ஆய்வாளர் பதறிக்கொண்டு ஓடினார்.

அவர் பாதி தூரம் போவதற்குள் கார் பின்னால் நகர்ந்தது. சுவருக்கும் ஜீப்புக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட மிச்சமில்லாத இடுக்கில், ஒரே வீச்சில் போய் அம்சமாக நின்றது.

ஆய்வாளர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டார். கவுண்டர் பக்கம் அவசரமாக ஒரு பார்வை. அப்புறம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்:

"சார், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க... முப்பத்தாறு வருஷம் கழிச்சு, மனுஷன் இப்பத்தான் என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கார்!"