இரண்டாம் நாள்

“அக்கா, இதுல எது நல்லா இருக்கும்? இறக்கை வச்சதா, வைக்காததா?”

நாப்கின் அலமாரியின் முன்னால் நின்று கேட்ட குரலுக்கு, மருந்துக்கடைக்காரம்மா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கேட்டவள் பள்ளிக்கூடத்துச் சிறுமி இல்லை. முப்பதைத் தாண்டியவள். காதோரம் ஒன்றிரண்டு நரைகூட எட்டிப் பார்த்தது.

“இறக்கை வச்சதையே எடு. ராத்திரிக்குப் பெருசா ஒண்ணு தனியா எடுத்துக்க” என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா. அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இத்தனை வயசுக்கு மேல் இது என்ன கேள்வி? அக்காக்காரி செல்லம் கொடுத்தே கெடுத்து வைத்திருக்கிறாள் போல. அன்றைக்கு அவருக்கே இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து வெந்நீர்ப் பையை முதுகுக்கு முட்டுக் கொடுத்துத்தான் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாக மாதம் தவறாமல் வந்து உயிரை வாங்கும் வலி.

இருவரும் கவுண்டருக்கு வந்தார்கள். அக்கா டாக்டர் சீட்டை நீட்டினாள்.

“இந்த இரும்புச்சத்து மாத்திரை முப்பது. அப்புறம் வைட்டமின் சி மாத்திரை ஒரு அட்டை.”

“வைட்டமின் சி சீட்டுல இல்லையே. அது எதுக்கு?”

தங்கை முந்திக்கொண்டாள். “போன்ல படிச்சேன் மேடம். அதைச் சாப்பிட்டா பீரியட்ஸ் சீக்கிரம் வந்துடும்னு ஒருத்தர் எழுதியிருக்காங்க. சீக்கிரம் நின்னுடும்னு இன்னொருத்தர் எழுதியிருக்காங்க. எது நிஜம்? நின்னுடும்னா எனக்கு வேணாம்.”

“என்னது, நிக்க வேணாமா?”

“அஞ்சு நாளும் முழுசா இருக்கட்டும் மேடம்.”

கடைக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கடையில் இருபது வருஷமாக எத்தனையோ பெண்கள் வந்து புலம்பியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தியும் கேட்டதில்லை.

“நல்ல ஆளும்மா நீங்க! அது வர வைக்கும்னும் உருப்படியா யாரும் நிரூபிக்கலை, நிறுத்தும்னும் நிரூபிக்கலை. இரும்புச்சத்து உடம்புல ஒட்டறதுக்கு வைட்டமின் சி கை கொடுக்கும். அவ்வளவுதான் விஷயம். டீ, காபி குடிக்கிற நேரத்துல மட்டும் இரும்பு மாத்திரையைப் போடாதீங்க. வலி ஜாஸ்தியா இருக்கா?”

“பயங்கரமா இருக்கு!” என்றாள் தங்கை. பரிசு விழுந்த செய்தியைச் சொல்வதுபோல அவள் முகம் மலர்ந்திருந்தது.

“ரெண்டாம் நாள் அப்படித்தான் இருக்கும்” என்றாள் அக்கா. “எனக்கும் ரெண்டாம் நாள்தான் உயிர் போகும். தொப்புளுக்குக் கீழ, இடது பக்கமா சுண்டி இழுக்குமே?”

“அதே இடம்தான்க்கா! அச்சு அசல் அதே இடம்!”

“முகஜாடை இருக்கலாம். வலியிலகூடவா ஜாடை இருக்கும்?” கடைக்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களுக்கு இன்னும் அப்படித்தான் படுத்துதா?”

“எனக்கு நின்னு மூணு மாசமாச்சுங்க.”

“இந்த வயசுலேயேவா? குடுத்து வச்சவங்க!”

அக்கா புன்னகைத்தாள்.

கடைக்காரம்மா மாத்திரையை எடுக்கத் திரும்பியவர், நின்று கேட்டார். “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா? அதைப் பாக்காம சீட்டுல இல்லாத எதையும் நான் தர மாட்டேன்.”

தங்கை கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். நீளமான பட்டியல். மேலிருந்து ஓடிவந்த கடைக்காரம்மாவின் விரல் மூன்றாவது வரியில் நின்றது. அந்த மாத்திரை அவருக்குத் தெரியும். புதிதாக வைத்த உறுப்பை உடம்பு அந்நியமென்று விரட்டிவிடாமல் இருக்கச் சாப்பிடுவது.

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. இடுப்பு வலியை மறந்து எழுந்து நின்றார்.

“கிட்னி மாத்தியிருக்கீங்களா? யாரும்மா குடுத்தாங்க?” குரல் தானாகத் தணிந்துவிட்டது.

தங்கை அக்காவின் தோளில் கை வைத்தாள்.

கடைக்காரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மாத்திரையை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். கொடுத்தவரையும் வாங்கியவரையும் ஒன்றாக, கைக்கெட்டும் தூரத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஓர் உடம்பில் இருந்ததை எடுத்து இன்னோர் உடம்பில் வைக்கிறார்கள். அது அங்கேயும் போய்த் தன் வேலையைப் பார்க்கிறது. கடையில் இத்தனை அலமாரி மருந்தையும் தாண்டி என்னவோ ஒன்று தன் முன்னால் நிற்பதாக அவருக்குப் பட்டது.

“வைட்டமின் சி இப்ப வேணாம்மா. உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, தரேன்.” இரும்பு மாத்திரையையும் நாப்கினையும் பையில் போட்டு நீட்டினார். மனசு கேட்கவில்லை. “அவ்வளவு பெரிய ஆபரேஷன் ஆன உடம்பு. அதுல இந்த மாச வலி வேற. நான் ஒவ்வொரு மாசமும் அழுதுக்கிட்டிருக்கேன். உங்களால எப்படிம்மா சிரிக்க முடியுது?”

தங்கையின் கண்கள் நிறைந்துவிட்டன. அப்போதும் சிரிப்பு மாறவில்லை.

“கிட்னி இல்லை மேடம். எனக்குப் பிறக்கும்போதே கருப்பை கிடையாது. இப்ப எனக்குள்ள இருக்கறது, ரெண்டு பிள்ளையைச் சுமந்த எங்க அக்காவோட கருப்பை. நேத்துதான் நான் வயசுக்கு வந்தேன்.”